டே பிகின், டே எண்ட், நடுவில் ஒரு பொட்டி

பொட்டி பற்றிய பதிவு என்றதும் ஓடிவிட வேண்டாம். இதில் வங்கி வருகிறது, தங்கமணி வருகிறார், நாக்பூர் வெயில் வருகிறது, ஊரில் இருக்கும் அம்மாவும் வருகிறார். நடுவில் கொஞ்சம் லினக்ஸ். எழுதுகிற நானும் பி.காம். தான். பற்று வரவு மட்டும் படித்தவனுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது.

எங்கள் வீட்டு ஹால் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. உபுண்டு லினக்ஸ் போட்டு 24 மணி நேரமும் ஓடுகிறது. அதற்குள் மூன்று விஎம்கள். விஎம் என்றால் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு, மூன்று போர்ஷன், மூன்று தனி வாசல். ஒரு போர்ஷனில் சண்டை நடந்தால் அடுத்த போர்ஷனுக்குத் தெரியாது. ஆனால் மின்சார மீட்டர் ஒன்றே ஒன்று. அது போனால் மூன்று வீடும் இருட்டு.

இது புது விஷயமும் இல்லை. ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு விஎம்/370 என்று கொண்டுவந்துவிட்டது. லினக்ஸ் கெர்னலுக்குள் கேவிஎம் என்ற பெயரில் இந்த வசதி சேர்ந்தது 2007-இல், 2.6.20 பதிப்பில். அதை நிர்வகிக்க லிப்விர்ட் என்ற மென்பொருள். அதோடு பேசுவதற்கு விர்ஷ் என்ற கட்டளை. இவை எல்லாமே இலவசம்.

முதல் போர்ஷனில் டேட்டாபேஸ். இரண்டாவதில் குடும்பப் போட்டோக்கள், பத்திரங்கள், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள். இது டேட்டாபேஸை நம்பி வாழும் போர்ஷன். அது இல்லாமல் இது எழுந்திருக்காது. மூன்றாவதில் விண்டோஸ், அதற்குள் டேலி. இது தங்கமணியின் ராஜ்ஜியம். நாலைந்து சிறு வியாபாரிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறார். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கெடு என்றால் அன்று வீட்டில் சமையல்கூட எனக்குத்தான்.

கரண்ட் போய் வந்தால் இந்த மூன்றும் யாரும் தொடாமல் தானாக எழுந்திருக்க வேண்டும். கரண்ட் போகும்போது யாரும் தொடாமல் தானாக அடங்க வேண்டும். இதுதான் விஷயம்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். நான் வங்கியில் சேர்ந்தது 2004-இல். எங்கள் கிளையில் அப்போது கோர் பேங்கிங் வரவில்லை. மேனேஜர் அறைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு யூனிக்ஸ் சர்வர். காலையில் டே பிகின், மாலையில் டே எண்ட். டே பிகின் போடுவது ஒரு நிமிட வேலை. டே எண்ட் அப்படி இல்லை. எல்லா கவுன்ட்டரும் மூட வேண்டும், கேஷ் டேலி ஆக வேண்டும், வவுச்சர் எண்ணிக்கை சரியாக வர வேண்டும், டேப்பில் பேக்கப் எடுக்க வேண்டும். அப்புறம்தான் சர்வரை முறைப்படி நிறுத்தி, கடைசியாக யூபிஎஸ்ஸை அணைக்க வேண்டும். முந்தைய நாள் டே எண்ட் முடியாவிட்டால் மறுநாள் டே பிகின் போடவே முடியாது.

இன்னொன்றும் அங்கே பார்த்தது. காலையில் முதலில் திறப்பது ஸ்ட்ராங் ரூம், அப்புறம்தான் கவுன்ட்டர். மாலையில் முதலில் மூடுவது கவுன்ட்டர், கடைசியில் ஸ்ட்ராங் ரூம். திறக்கும் வரிசையைத் தலைகீழாக்கினால் மூடும் வரிசை. வீட்டுப் பொட்டிக்கும் அதே விதிதான்.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

தொடங்குவது எளிது. விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் என்று எழுதி, பக்கத்தில் விஎம்மின் பெயரைப் போட்டால் போதும். ஆட்டோஸ்டார்ட் என்ற டைரக்டரியில் அந்த விஎம்மின் ஃபைலைச் சுட்டும் ஒரு லிங்க் வந்து உட்காரும். அடுத்த முறை பொட்டி எழும்போது லிப்விர்ட் அந்த டைரக்டரியைப் பார்த்து விஎம்மை எழுப்பிவிடும். வங்கி பாஷையில் சொன்னால் ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் அதுவே போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் இதில் முன்னால் யார், பின்னால் யார் என்று சொல்ல வழியில்லை. டேட்டாபேஸ் கண் விழிப்பதற்குள் போட்டோ விஎம் வந்து கதவைத் தட்டும், பதில் வராது, கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் நான் ஆட்டோஸ்டார்ட்டை மூன்றுக்கும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு விஎம்முக்கும் சிஸ்டம்டியில் ஒரு சின்ன சர்வீஸ் எழுதினேன். டேட்டாபேஸ் முதலில். அது பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்த்து, சொன்ன பிறகு போட்டோ. கடைசியில் விண்டோஸ். சிஸ்டம்டியிடம் எனக்குப் பிடித்தது, நிறுத்தும்போது கேட்காமலேயே அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளும். ஸ்ட்ராங் ரூம் விதி அதற்குத் தெரிந்திருக்கிறது :-)

(ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டிருப்பவர்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. அதில் திறக்கும் வரிசை எண், நடுவில் எத்தனை விநாடி இடைவெளி, மூடும்போது எவ்வளவு நேரம் பொறுப்பது எல்லாமே திரையிலேயே கட்டம் கட்டமாக இருக்கும். மூடும்போது பொறுக்கும் நேரம் அதில் வழக்கமாக 180 விநாடி.)

இனி நிறுத்துவது. இங்கேதான் ஆட்டமே.

விர்ஷில் நிறுத்துவதற்கு மூன்று வழிகள். முதலாவது ஷட்டவுன். இது விஎம்மின் பவர் பட்டனை மெதுவாக ஒருமுறை அழுத்துவதற்குச் சமம். உள்ளே இருப்பவர் அதைக் கேட்டு, மூட்டை கட்டி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வர வேண்டும். க்யூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன நிரலை விஎம்முக்குள் போட்டு வைத்தால் அது நம்பகமாகக் கேட்கும். ஒன்றை மறக்கக் கூடாது. ஷட்டவுன் என்ற கட்டளை ஆணையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். விஎம் உண்மையில் நின்றதா என்று பார்க்காது. நாம்தான் ஸ்க்ரிப்டில் நின்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடிதான் பொறுக்கும். அதற்கு மேல் போனால் நம் ஸ்க்ரிப்டையே தீர்த்துக்கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அதனால் பொறுக்கும் நேரத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது டெஸ்ட்ராய். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஃபைல் எதையும் அழிக்காது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். பாதியில் எழுதிக்கொண்டிருந்தது பாதியிலேயே நிற்கும். கேஷியர் பணம் எண்ணும்போது மேஜையைக் கவிழ்ப்பது மாதிரி. தப்பித்தாலும் தப்பிக்கலாம், ஆனால் அதை நம்பி யாரும் கிளை நடத்த மாட்டார்கள்.

மூன்றாவது மேனேஜ்டு சேவ். விஎம்மின் நினைவில் இருப்பதை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு நிறுத்தும். மறுபடி தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து எழும்.

தங்கமணியின் விண்டோஸுக்கு எது சரி என்று யோசித்தேன். டேலியில் பாதி வவுச்சர் எழுதிக்கொண்டிருக்கும்போது ஷட்டவுன் போனால், சேமிக்காத வேலை ஏதாவது திறந்திருந்தால், விண்டோஸ் 'நிறுத்தவா வேண்டாமா' என்று கேட்டுக்கொண்டே நின்றுவிடக்கூடும். இருட்டில் யார் போய்ப் பதில் சொல்வது? அதனால் அதற்கு மட்டும் மேனேஜ்டு சேவ். கொடுத்திருப்பது 4 ஜிபி நினைவுதான், எஸ்எஸ்டியில் எழுத அரை நிமிடம் போதும். மற்ற இரண்டுக்கும் ஷட்டவுன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உறங்கி எழுந்த விஎம்மின் கடிகாரம் உறங்கப்போன நேரத்திலேயே நிற்கும். இரவு 11 மணிக்கு உறங்கி மறுநாள் காலை எழுந்தால் வவுச்சரில் நேற்றைய தேதி. கணக்குப்பிள்ளைக்கு இதைவிட வேறு வினை வேண்டாம். எழுந்ததும் கெஸ்ட் ஏஜென்ட் மூலமாக நேரத்தைச் சரிசெய்ய ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தங்கமணியும் தேதியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். முதல்முறை கரண்ட் போய் வந்து, பாதி வவுச்சர் அப்படியே திரையில் நின்றதைப் பார்த்துவிட்டு, "சீரியல் நடுவுல பாஸ் போட்ட மாதிரி இருக்கு" என்றார். இருபது வருஷ தாம்பத்தியத்தில் என் பொட்டி வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

இப்போது கணக்கு.

லிப்விர்ட்டோடு லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்று ஒரு சர்வீஸ் வரும். பொட்டி அணையும்போது ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களை நிறுத்துவது அதன் வேலை. ஒவ்வொரு விஎம்முக்கும் பொறுக்கும் நேரம் அதன் மாதிரி அமைப்பில் 300 விநாடி. ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும்படி விட்டால் மூன்று விஎம்முக்கு 900 விநாடி. அதாவது 15 நிமிடம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொன்னால் மொத்தத்துக்கும் சேர்த்தே 300 விநாடி, ஆனால் அப்போது வரிசை போய்விடும்.

என் யூபிஎஸ்ஸில் இந்தப் பொட்டியும் ரவுட்டரும் மட்டும்தான். புதிதில் 22 நிமிடம் தாங்கியது. இரண்டு நாக்பூர் கோடைக்குப் பிறகு அளந்தேன், 13 நிமிடம். மே மாதம் 45 டிகிரி அடிக்கும் ஊரில் ஈய பேட்டரி சீக்கிரம் தேயும். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள், தேய்மானம் போடாமல் சொத்தைக் கணக்கில் வைக்காதே என்று. 15 நிமிடச் செலவு, 13 நிமிட இருப்பு. காசோலை திரும்பிவிடும்.

அதனால் ஒவ்வொன்றையும் அளந்து பட்ஜெட் போட்டேன். விண்டோஸ் உறங்க 60 விநாடி. போட்டோ 120. டேட்டாபேஸ் 120. பொட்டி தானே அடங்க 60. மொத்தம் 360, ஆறு நிமிடம். இவையெல்லாம் அளந்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு. வாராக்கடனுக்கு ஒதுக்குவது மாதிரி ஒதுக்கி வைத்தது.

எப்போது மூட ஆரம்பிப்பது என்பது அடுத்த கேள்வி. யூபிஎஸ் யூஎஸ்பி கம்பி வழியாகப் பொட்டியிடம் பேசும். அதைக் கேட்பதற்கு நட் என்று ஒரு மென்பொருள். பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் கத்தும்வரை காத்திருப்பது வழக்கமான முறை. தேய்ந்த பேட்டரி கத்திய அடுத்த நிமிடமே செத்துப்போகும். அதனால் கரண்ட் போய் 3 நிமிடம் ஆனதும் மூட ஆரம்பி என்று டைமர் வைத்திருக்கிறேன். அதற்குள் வந்துவிட்டால் டைமர் ரத்து. 3 நிமிடம், 6 நிமிடம், ஆக 9. இருப்பு 13. கையில் நான்கு நிமிடம். பேலன்ஸ் ஷீட் டேலி.

ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் விளக்கும் போதும், பொட்டியிடம் பேசாது. கரண்ட் போனதையே அது சொல்லாது, தீரப்போவதையும் சொல்லாது. விலை குறைந்த யூபிஎஸ்கள் பலவற்றிலும் யூஎஸ்பி கிடையாது. கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. பயாஸில் கரண்ட் வந்தால் என்ன செய்வது என்று ஒரு அமைப்பு இருக்கும். பலர் 'முன்பு இருந்த நிலை' என்று வைத்திருப்பார்கள். பொட்டி ஒழுங்காக டே எண்ட் முடித்து அணைந்திருந்தால் முன்பு இருந்த நிலை என்ன? அணைந்த நிலை! கரண்ட் வந்தாலும் சமர்த்தாகத் தூங்கும். 'எப்போதும் எழு' என்று மாற்ற வேண்டும். அதுவும் போதாது. பொட்டி அணைந்த பிறகு யூபிஎஸ்ஸில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டால், கரண்ட் போய் வந்ததே பொட்டிக்குத் தெரியாது. அதனால் கடைசி மூச்சில் யூபிஎஸ்ஸுக்கே 'சிறிது நேரத்தில் நீயும் அணைந்துவிடு, கரண்ட் வந்ததும் திற' என்று நட் சொல்லிவிட்டுப் போகும்படி வைக்கலாம். எல்லா யூபிஎஸ்ஸும் இந்தப் பேச்சைக் கேட்காது. என்னுடையது கேட்கிறது.

இவ்வளவு எதற்கு என்று கேட்டீர்களானால், 2024 மே மாதத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் நால்வரும் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தோம். நாக்பூர் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு பிற்பகல் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். தம்பி தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு ஓடினான். நான் அன்று குலதெய்வம் கோயிலுக்குக் குழந்தைகளோடு போய்ப் பாதி வழியில் பஸ்ஸில் இருந்தேன். எக்கோ எடுத்தார்கள். இதயம் பம்ப் செய்வது குறைவாக இருக்கிறது, இது பழசா, இப்போது வந்ததா என்று டாக்டர் கேட்டார். சமீபத்திய பேப்பர்கள் எல்லாம் தம்பி கையில் இருந்தன. 2021-இல் எங்களோடு நாக்பூரில் இருந்தபோது எடுத்த எக்கோ ரிப்போர்ட் மட்டும் ஹால் மூலைப் பொட்டியில்.

4:20-க்குத் தம்பி போன் செய்தான். "அண்ணா, திறக்க மாட்டேங்குதுண்ணா."

நாக்பூர் எதிர் ஃபிளாட்காரருக்குப் போன் போட்டேன். புயல் மாதிரி காற்று, ஒரு மணி நேரமாகக் கரண்ட் இல்லை என்றார். வீட்டுச் சாவி எங்களிடம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எதைச் செய்ய முடியும்? தம்பியிடம், "கரண்ட் வந்தா அதுவே வரும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பாரு" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. சோதித்துப் பார்த்த ஏற்பாடுதான். ஆனால் சோதனையில் அம்மா ஆஸ்பத்திரியில் இல்லை.

4:47-க்கு வாட்ஸப்பில் ஒரே ஒரு வார்த்தை. "வந்துருச்சு."

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2021-லேயே அந்தக் குறைவு இருந்திருக்கிறது, பெரிதாக மாறவில்லை. அதற்கேற்ற சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். அம்மா நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, நான் போட்ட காபியில் சர்க்கரை பற்றவில்லை என்றார்.

நாக்பூர் திரும்பியதும் லாகைப் படித்தேன். 3:12 கரண்ட் போனது. 3:15 டைமர் முடிந்தது. விண்டோஸ் உறங்கியது, போட்டோ நின்றது, டேட்டாபேஸ் நின்றது. 3:18 பொட்டி அணைந்தது. 4:41 எழுந்தது. 4:43 டேட்டாபேஸ், 4:45 போட்டோ. வங்கியில் எத்தனையோ டே எண்ட் ரிப்போர்ட் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஆசையாக எதையும் படித்ததில்லை. பிளக்கைப் பிடுங்கியதுபோல நின்றிருந்தால் டேட்டாபேஸ் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு எழுந்திருக்கலாம், எழாமலும் போயிருக்கலாம். அந்த 'லாம்' இல்லாமல் பண்ணத்தான் இத்தனை பாடும்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுக் கடிகாரத்தோடு உட்காருகிறேன். வங்கிகளில் டிஆர் டிரில் என்று செய்வார்கள், அதன் குட்டி வடிவம். மூடுவதற்கு எத்தனை நிமிடம், எழுவதற்கு எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். பேட்டரி 10 நிமிடத்துக்குக் கீழே வந்தால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும் என்பது விதி.

நாங்கள் மாற்றலுக்கு உட்பட்ட ஜாதி. அடுத்த ஆர்டர் வந்தால் பிள்ளைகள் படிப்புக்காக அவர்கள் இங்கே, நான் வேறெங்கோ என்று ஆகலாம். அதனால் சார்ஜ் ஒப்படைப்பது மாதிரி தங்கமணிக்கு ஒரு பக்கம் எழுதி பீரோ கதவுக்குள் ஒட்டியிருக்கிறேன். நான்கே வரி. கரண்ட் போனால் எதையும் தொடாதே. வந்தால் பத்து நிமிடம் பொறு. பத்து நிமிடத்தில் போட்டோ திறக்கவில்லை என்றால் பட்டனை ஒருமுறை அழுத்து. அதற்கும் வரவில்லை என்றால் எனக்குப் போன் செய்.

படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பேட்டரி மாத்துறது யாரு, என்னைக்கு வாங்கினதுன்னு எங்க எழுதியிருக்கு?" பத்தொன்பது வருஷமாக ஆடிட்டர்களைப் பார்த்தவன், இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. மார்க்கரை எடுத்து யூபிஎஸ்ஸின் நெற்றியிலேயே தேதியை எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பொட்டிகளில் நீங்கள் வேறு விதமாகச் செய்திருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

டிஸ்கி: சோதனைக்காகப் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் அவரவர் தங்கமணியிடம் அனுமதி பெற்றுக்கொள்ளவும். 20-ஆம் தேதி வேண்டவே வேண்டாம்.